ஓர்க்கிட் வேருக்குக் காற்று வேண்டும்: ஊவாத் தோட்டங்களில் பூச்செடி வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஹாலிஎல

பதுளை, ஹாலிஎல, தெமோதரை, பசறை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் வீட்டு வாசலில் ஓர்க்கிட் வளர்க்கும் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் அண்ணன் தம்பிமாருக்கும்,

கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளி லீவுக்கு ரயிலேறி வரும்போது, அம்மாவுக்கென்று ஓர் ஓர்க்கிட் சாடியையும் மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஊதாப் பூ விட்ட டென்ட்ரோபியம்தான் அநேகமாக வரும். கொஞ்சம் கூடக் காசு கொடுக்க முடிந்தவர்கள் பெலனொப்சிஸ் வாங்குகிறார்கள். வாசலில் தொங்கவிட்டுப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். தைப்பொங்கல் வருவதற்குள் இலை மஞ்சளாகி, தண்டு கறுத்து, செடி போய்விடுகிறது. கைராசி இல்லை என்று சொல்லிவிட்டு அந்தச் சாடியிலேயே ரோஜாக் கம்பை ஊன்றுகிறோம்.

கைராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தச் செடி வந்து சேர்ந்த காலம் ஐப்பசி. ஊவாவில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை கட்டப் போகும் நேரம். சாடிக்குள் இருப்பதோ கொழும்பு வெயிலுக்கென்று நிரப்பிய தேங்காய் மட்டையும் தும்பும். அங்கே சீக்கிரம் காய்ந்துவிடும் மட்டை, இங்கே கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் காயாது. அதற்கு மேல் நாமும் அன்றாடம் ஊற்றுகிறோம். செடி பிழைக்க வழியே இல்லை. ஓர்க்கிட்டுக்குச் சாடியில் என்ன போடுவது, எப்போது தண்ணீர் ஊற்றுவது என்ற இரண்டும் ஒரே கேள்வி. நம் மலையின் காற்றையும் மழையையும் கணக்கில் வைத்துத்தான் அதற்குப் பதில் தேட வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் வேரைப் பார்ப்போம். செத்துப்போன ஒரு செடியைச் சாடியோடு கவிழ்த்து, வேர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். மேலுறை வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும்; உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். சகதி நாற்றம் அடிக்கும். இதே வேர் உயிரோடு இருக்கும் செடியில் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். கெட்டியாக, வெள்ளி நிறமாக, நுனி மட்டும் பச்சையாகவோ செம்பச்சையாகவோ இருக்கும். அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் நம் கண் முன்னாலேயே வெள்ளை போய்ப் பச்சை வரும். வேரைப் போர்த்தியிருக்கும் அந்த வெள்ளை உறைக்குத் தாவரவியலில் வெலமன் என்று பெயர். செத்து வெறுமையான பல அடுக்கு உயிரணுக்களால் ஆனது அது. மழை பட்டவுடன் நீரை உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும். நிரம்பியதும் உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். காய்ந்ததும் காற்று புகுந்து மறுபடி வெளுக்கும்.

நாம் சாடியில் வளர்க்கும் ஓர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. மழை வந்தால் நனைந்து, காற்றடித்தால் காய்ந்து, மறுபடி நனைந்து வாழப் பழகிய வேர் அவற்றுடையது. அந்த வேர் மூச்சு விட வேண்டும். தண்ணீருக்குள் ஒட்சிசன் பரவுவது காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவானது. கலவையின் இடைவெளியெல்லாம் தண்ணீரால் அடைபட்டால் வேர் மூச்சுத் திணறிச் செத்துப்போகிறது. செத்த வேரில்தான் பூஞ்சணம் பிடிக்கிறது. அழுகலைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அழுகலுக்கு முன்னால் நடந்த சாவு நம் கண்ணில் படுவதில்லை.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. வேர் செத்த செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை சுருங்கும், தண்டு வரி வரியாக வற்றும். பார்க்கிறவர்களுக்குத் தாகத்தால் வாடிய செடியைப் போலவே தெரியும். இரக்கப்பட்டு இன்னொரு கோப்பை ஊற்றுவோம். மிச்சமிருக்கும் வேரும் போய்விடும். வாடிய ஓர்க்கிட்டைக் கண்டால் தண்ணீரை எடுப்பதற்கு முன் வேரைத் தொட்டுப் பாருங்கள். வேர் கெட்டியாக இருந்து கலவை காய்ந்திருந்தால் அது தாகம். வேர் கொழகொழத்திருந்தால் தண்ணீரே அதற்கு நஞ்சு.

இந்தப் பாடத்தை இங்கிலாந்துக்காரர்கள் நிறையச் செடிகளைப் பலி கொடுத்துத்தான் படித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வெப்பநாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஓர்க்கிட் போய் இறங்கியது. வெப்பநாட்டுச் செடியென்றால் சூடும் ஈரமும்தான் வேண்டும் என்று எண்ணி, கண்ணாடி வீட்டைக் காற்றுப் புகாமல் அடைத்து, நீராவி கட்டி வளர்த்தார்கள். செடிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 1830களில் சட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தைப் பார்த்துவந்த ஜோசப் பக்ஸ்டன் கண்ணாடி வீட்டுக்குள் காற்றோட்டம் விட்டு, செடிக்குத் தக்கபடி சூட்டைக் குறைத்தும் கூட்டியும் வளர்த்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அங்கே ஓர்க்கிட் நிலைத்தது.

சாடிக்குள் போடும் பொருளிலும் ஒவ்வொரு நாடும் தன் பக்கத்தில் கிடைத்ததைத்தான் எடுத்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலம் ஒஸ்மண்டா என்ற பன்னத்தின் நார்வேரைப் போட்டார்கள். அது அரிதானபின் அமெரிக்கர்கள் ஊசியிலை மரத்தின் பட்டைக்கு மாறினார்கள். தாய்லாந்துக்காரர்கள் தேங்காய் மட்டையிலும் மரக்கரியிலும் வளர்த்து உலகத்துக்கே ஓர்க்கிட் விற்கிறார்கள். அப்படியென்றால் ஹாலிஎலக்காரர் தன் வாசலில் கிடைப்பதைப் பார்த்துத் தெரிவு செய்வதில் ஒரு குறையும் இல்லை. கொழும்புக் கடையில் விற்கும் கலவைப் பொதிதான் சரியானது என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

நம் கையருகில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மரக்கரி முதலாவது. கவ்வாத்து மலையில் பொறுக்கி வரும் தேயிலைக் கட்டை அடுப்பில் எரிந்து தணியும்போது தரும் கரி நல்ல கெட்டியானது. கரி வருடக்கணக்கில் உக்காது. தண்ணீரை அதிகம் பிடித்து வைக்காது. துண்டுகளுக்கு நடுவே காற்றுக்கு இடம் விடும். இரண்டு காரியத்தில் மட்டும் கவனம் வேண்டும். சாம்பல் ஒட்டிய கரியை அப்படியே போடக் கூடாது; சாம்பல் காரத்தன்மை உள்ளது, வேரைச் சுடும். ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசி, அடியில் தங்கும் கரித்தூளைக் கொட்டிவிட வேண்டும். அடுத்து, உரத்தின் உப்பைக் கரி தன்னுள் சேர்த்து வைக்கும். அதனால் மாதத்தில் ஒரு நாளாவது வெறும் தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

செங்கல் துண்டு இரண்டாவது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் சும்மா கிடைக்கும். செங்கல் நீரை உறிஞ்சி வைத்து மெதுவாக விடும். கனமாக இருப்பதால் சாடி காற்றில் கவிழாது. சீமெந்துக் கலவை ஒட்டிய துண்டை எடுக்காதீர்கள். அதிலிருக்கும் சுண்ணாம்பு ஓர்க்கிட்டுக்கு ஆகாது. உடைந்த ஓடும் இதே வேலையைச் செய்யும்.

தேங்காய் மட்டை மூன்றாவது. நல்ல பொருள்தான், ஆனால் ஈரத்தை நீண்ட நேரம் பிடித்து வைக்கும், இரண்டு வருடத்துக்குள் உக்கத் தொடங்கும். உக்கினால் தூளாகி இடைவெளியை அடைத்துவிடும். புது மட்டையில் உப்பும் துவர்ப்பும் உண்டு. இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, ஒரு வாரமாவது தண்ணீரில் போட்டு, அன்றாடம் தண்ணீரை மாற்றுங்கள். முதல் நாள் கடுந்தேத்தண்ணீர் நிறத்தில் இறங்கும் சாயம் நாளுக்கு நாள் வெளுத்து வரும். தெளிந்த தண்ணீர் வந்தபிறகுதான் மட்டை சாடிக்கு ஏற்றது. தும்புத் தூளை மரத்தில் வாழும் ஓர்க்கிட்டுக்குப் போடவே வேண்டாம். தூளின் நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். அடியில் எத்தனை ஓட்டை போட்டாலும் தூள் நிரப்பிய சாடியின் அடிப்பகுதியில் ஓர் ஈரப்படை தங்கியே தீரும். தேயிலை மலை மண்ணைச் சாடியில் போட்டாலும் இதுவே கதி.

நான்காவதாக ரெஜிபோம் துண்டு, ஆற்றுக் கூழாங்கல். இவை நீரைப் பிடிப்பதில்லை. சாடியின் அடியில் இரண்டு அங்குலத்துக்குப் போட்டால் கலவை மிச்சம்.

இனி எதை எவ்வளவு போடுவது? இதில்தான் நம் ஊரை நாம் அறிந்திருக்க வேண்டும். தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்து மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம்மிடம் வரும்போது வெறும் வறட்டுக் காற்றாகத்தான் வந்து சேர்கிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அடிக்கும் அந்தக் கச்சான் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன வாசம் ஏறுகிறது. அதே காற்று நம் பூச்சாடியை மத்தியானத்துக்குள் காயவைத்துவிடும். நமக்குப் பெருமழை ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியோடு வருகிறது. ஹட்டன்காரர் ஆடியில் மழைக்கு ஒதுக்கும் செடிக்கு நாம் ஆடியில் அன்றாடம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். அவர் மார்கழியில் ஊற்றும்போது நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அங்கிருக்கும் சொந்தக்காரர் சொன்னதை இங்கே அப்படியே செய்தால் செடி தாங்காது. கொழும்புக்காரர் சொன்னதும் அப்படித்தான்.

ஆண்டில் சில மாதம் எலும்பாய்க் காய்ந்து, சில மாதம் ஓயாமல் நனையும் ஊருக்கு ஒரு கலவையை எப்படித் தெரிவு செய்வது? என் முடிவு இதுதான்: கலவையைக் கார்த்திகை மழைக்கென்று தெரிவு செய்யுங்கள், கச்சான் காற்றைக் கையால் ஊற்றிச் சமாளியுங்கள். காய்ந்த சாடிக்குத் தண்ணீர் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. பத்து நாள் மழையில் ஊறிய மட்டையிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்க யாராலும் முடியாது.

ஹாலிஎலயும் பதுளையும் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 700 மீற்றர் மேலே இருக்கின்றன. இந்த உயரத்தில் வாசலில் தொங்கும் டென்ட்ரோபியம், கத்லியா போன்றவற்றுக்கு மூன்று பங்கு கரியும் ஒரு பங்கு செங்கலும் போதும். காலையில் மலைக்குப் போனால் பின்னேரம்தான் வீடு திரும்புவோம், கச்சான் நேராக வாசலில் அடிக்கிறது, ஆனால் மழை நேரே விழாதபடி கூரை இருக்கிறது என்றால், ஊறவைத்த மட்டைத் துண்டு ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். கூரை இல்லாத இடத்தில் மட்டையைச் சேர்க்க வேண்டாம். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் 1,200 மீற்றருக்கு மேலே குளிரில் சாடி இன்னும் மெதுவாகக் காயும். அங்கே கரியும் செங்கலும் மட்டும் போதும். மஹியங்கனைப் பக்கம் இறங்கினால் வெக்கை; அங்கே மட்டை பாதிக்குப் பாதி இருக்கலாம்.

வேரின் பருமனையும் பாருங்கள். டென்ட்ரோபியம், ஒன்சிடியம் போன்ற மெல்லிய வேர்ச் செடிகளுக்கு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் துண்டு. பெலனொப்சிஸ், கத்லியா போன்ற தடித்த வேருக்கு மூன்று சென்ரிமீற்றர் அளவு. வண்டாவுக்குக் கலவையே தேவையில்லை. மரச்சட்டக் கூடையில் கட்டித் தொங்கவிட்டால் வேர் காற்றில் தொங்கி வாழும். குளிரை விரும்பும் சிம்பிடியத்துக்குக் கொஞ்சம் ஈரம் பிடிக்கும் கலவை வேண்டும். சிறு கரி, மட்டைத் துண்டு, சரளை, உக்கிய இலை சேர்த்துப் போடலாம். ஸ்பத்தோகுளொட்டிஸ், மூங்கில் ஓர்க்கிட் என்று சொல்லும் அருண்டினா ஆகியவை நிலத்தில் வளரும் ஓர்க்கிட்டுகள். அவற்றுக்கு மணலும் உக்கிய இலையும் கலந்த இளகிய மண்தான் சரி. எல்லாவற்றையும் ஓர்க்கிட் என்று ஒரே பெயரில் கூப்பிட்டு ஒரே சாடியில் அடக்க முடியாது.

பூக்கடையில் வாங்கும் பெலனொப்சிஸ் பெரும்பாலும் வெள்ளைப் பாசியில் இறுக்கி அடைத்தபடி வருகிறது. மேலே தொட்டால் காய்ந்திருக்கும், நடுவில் சொட்டச் சொட்ட ஈரம் இருக்கும். பூ உதிர்ந்ததும் அந்தப் பாசியை முழுக்க உருவியெடுத்துவிட்டுக் கரிக்கு மாற்றுங்கள்.

சாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்தில் ஓட்டை வைத்த மண்சாடி முதல் தரம். அது இல்லாதவர்கள் பால்மா டின்னில் அடியிலும் பக்கத்திலும் ஆணியால் நிறையத் துளை போடலாம். சின்னக் கன்றுகளுக்கு யோகட் கோப்பை போதும். கலவை சரியா என்று தெரிய ஒரு சோதனை உண்டு. சாடியை நிரப்பி ஒரு லீற்றர் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுங்கள். மேலே தேங்கி நிற்காமல் விழுந்த வேகத்திலேயே அடியால் ஓட வேண்டும். தேங்கினால் தூள் கூடிவிட்டது என்று அர்த்தம்; சலித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

சாடி மாற்ற நல்ல நேரம், புது வேரின் நுனி பச்சையாக எட்டிப் பார்க்கும் நேரம். கார்த்திகை, மார்கழியில் மட்டும் வேண்டாம். வெட்டுப்பட்ட வேர் மழை ஈரத்தில் ஆறாது. கத்தியைத் தணலில் காட்டிவிட்டு வெட்டுங்கள். ஒரு செடியின் வைரசு இன்னொன்றுக்குப் போவது அநேகமாகக் கத்தி வழியாகத்தான். செத்த வேரையெல்லாம் நறுக்கி, செடியை ஒரு குச்சியோடு ஆடாமல் கட்டுங்கள். செடி ஆடினால் புது வேரின் மெல்லிய நுனி கரியில் உரசித் தேய்ந்துபோகும். மாற்றிய பிறகு மூன்று நான்கு நாள் வேருக்குத் தண்ணீர் வேண்டாம். காலையில் இலைக்கு மட்டும் லேசாகத் தெளித்தால் போதும்.

இனித் தண்ணீர். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்காதீர்கள். சாடி காய்ந்ததா என்று கேளுங்கள். அறிய மூன்று வழி. ஒன்று, தூக்கிப் பார்ப்பது: தண்ணீர் ஊற்றியவுடன் ஒருமுறை தூக்குங்கள், மறுநாளும் தூக்குங்கள், கொழுந்துக் கூடையின் நிறையைத் தோளாலேயே அளக்கும் கைகளுக்கு இரண்டு மூன்று நாளில் இது பிடிபட்டுவிடும். இரண்டு, ஈர்க்கு: சாடியின் நடுவில் ஓர் ஈர்க்கைக் குத்திச் சில நிமிடம் விட்டு உருவி, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் இருக்கிறது. மூன்று, வேரின் நிறம்: பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள், வெள்ளியாக இருந்தால் ஊற்றுங்கள்.

ஊற்றும்போது நிறைவாக ஊற்ற வேண்டும். காய்ந்த கரியில் முதல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். பத்து நிமிடம் கழித்து இரண்டாம் முறை ஊற்றினால்தான் கரியும் வேரும் நனையும். அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது இரண்டுங்கெட்ட வேலை: மேலே பாசி பிடிக்கும், உள்ளே வேர் காயும்.

நேரம் காலைதான். மலைக்குப் போகுமுன் ஊற்றிவிட்டால் பகல் காற்றில் இலை காய்ந்துவிடும். அந்தியில் ஊற்றினால் குளிர் இரவு முழுக்க இலைக் கக்கத்தில் தண்ணீர் நிற்கும். அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். பெலனொப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகிச் செடி முடிந்துவிடலாம். அதைக் கொஞ்சம் சாய்த்துத் தொங்கவிட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும்.

ஆண்டுக் கணக்கு இப்படி. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சானில், கரிச்சாடிக்கு அன்றாடம் காலையில். வண்டாவுக்கு முடிந்தால் பின்னேரம் மூன்று மணிக்குள் இன்னொரு முறை. மட்டை சேர்த்த சாடிக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை. மார்ச், ஏப்ரலில் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை வரும் நாட்களில் காலையில் சாடியைத் தூக்கிப் பார்த்துத்தான் முடிவு. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வானம் ஊற்றுவதே அதிகம். தெளிந்த பொலித்தீன் விரிப்பை நான்கு கம்பில் சரிவாகக் கட்டி, சுற்றிலும் காற்று வரத் திறந்து விடுங்கள். வாரத்தில் ஒருமுறைகூடத் தண்ணீர் தேவைப்படாமல் போகலாம். ஊற்றாமல் இருப்பதும் பராமரிப்புத்தான். நொபிலே வகை டென்ட்ரோபியத்துக்கு இது இன்னும் முக்கியம். அது பூக்க வேண்டுமென்றால் குளிர் மாதத்தில் வறட்சி வேண்டும். நம் குளிர் மாதமே மழை மாதம் என்பதால், கூரைக்குக் கீழே கொண்டுவராத நொபிலே ஊவாவில் இலையைத்தான் விடும், பூவை விடாது.

பீலித் தண்ணீர் ஓர்க்கிட்டுக்கு மிக நல்லது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். பீலியிலிருந்து குடம் சுமந்து வருகிறவருக்கு ஒவ்வொரு துளியும் உழைப்பு என்பது தெரியும். அதற்காக ஒரே வாளியில் எல்லாச் சாடியையும் முக்கி எடுக்க வேண்டாம். ஒரு சாடியின் அழுகல் எல்லாவற்றுக்கும் பரவும். சாடிகளைக் கீரைப் பாத்திக்கோ கொச்சிக்காய்ச் செடிக்கோ மேலே தொங்கவிடுங்கள். ஓடும் தண்ணீர் கீழே பயன்படும். களைநாசினி அடித்த டாங்கியில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீர் எடுத்துத் தெளிக்க வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் மருந்தின் மிச்சம் இருக்கும்.

சமையலறையிலிருந்து சாடிக்குப் போகிறவற்றையும் நிறுத்துங்கள். தேத்தூள் சக்கை துண்டுகளின் இடைவெளியை அடைக்கும். அரிசி கழுவிய தண்ணீரின் மா கரியில் ஒட்டிப் புளித்து, பூஞ்சணத்தையும் ஈயையும் அழைக்கும். இரண்டையும் கீரைப் பாத்தியில் கொட்டினால் அங்கே பலன் தரும். தேயிலைக்குப் போடும் உரம் ஓர்க்கிட்டுக்கு ஆகாது. தண்ணீரில் கரையும் 20:20:20 வகை உரத்தை ஒரு லீற்றருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து, வேரை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு, வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். மழை மாதத்தில் அதையும் குறையுங்கள். இலையில் அழுகல் கண்டால் நல்ல பகுதி வரை வெட்டி, வெட்டிய இடத்தில் கறுவாத்தூள் தடவினால் காயம் உலரும். வேரில் மட்டும் தடவாதீர்கள்; வேரையும் உலர்த்திவிடும்.

கடைசியாக, மனதில் நெடுநாளாக உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர்க்கிட் கட்டுவதற்கென்று காட்டோரத்து ஓடைக்கரைகளில் மரப்பன்னத்தை வெட்டி, அதன் தண்டைத் துண்டு போட்டு எடுத்து வருகிறார்கள். அந்தத் தண்டில் ஓர்க்கிட் நன்றாக ஒட்டும் என்பது உண்மை. ஆனால் ஓர் ஆள் உயரம் வளர அதற்குப் பல வருடம் பிடிக்கும். ஒரு வெட்டில் அது செத்துவிடும். அருகும் தாவரங்களின் சர்வதேச வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் மரப்பன்னங்களும் இருக்கின்றன, ஓர்க்கிட் குடும்பமும் இருக்கிறது. பலாக்கட்டைத் துண்டிலோ உயிருள்ள மாமரக் கிளையிலோ ஓர்க்கிட்டைக் கட்டினால் அதே மாதிரி பற்றும். அடுப்புக் கரி சும்மா கிடைக்கும்போது ஓடைக்கரைப் பன்னத்தை வெட்ட ஒரு நியாயமும் இல்லை.

இலங்கையில் இயற்கையாக வளரும் ஓர்க்கிட் இனங்கள் 180க்கும் மேல். அவற்றில் 50க்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அப்படிப்பட்ட ஒன்று நம் ஊவாப் பத்தனைப் புல்வெளியிலேயே மஞ்சளாகப் பூக்கிறது: சிங்களத்தில் நாகமரு அல என்று சொல்லும் இப்சியா ஸ்பெசியோசா. வசிய மருந்தென்று நம்பி அதன் கிழங்கைத் தோண்டி விற்கிறார்கள். காட்டு ஓர்க்கிட்டுகள் பலவற்றுக்கு 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காப்பு உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பத்தனையில் இருந்து பிடுங்கிய நாகமரு நம் சாடியில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பிடுங்கினால் புல்வெளிக்கும் நட்டம், நமக்கும் ஒன்றும் மிஞ்சாது. வளர்க்க ஆசைப்பட்டால் ஆய்வுகூடத்தில் திசு வளர்ப்பில் உருவான கன்றை வாங்குங்கள். காட்டுச் செடி என்று யாராவது மூட்டையில் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள்.

ஓர்க்கிட் பணக்காரர் பங்களாவுக்குரிய பூ என்ற பேச்சை நம்பாதீர்கள். நிலம் சொந்தமில்லாத லயத்து வாசலிலும் அது வளரும். அதற்கு வேண்டியது ஒரு கம்பியும் ஒரு சாடியும் அடுப்புக் கரியும்தான். நன்றாகப் பேணிய டென்ட்ரோபியம் பக்கக்கன்று விடும். அதைப் பிரித்து நட்டால் அயல் வீட்டுக்கும் கொடுக்கலாம், பதுளைச் சந்தையில் விற்று நாலு காசும் பார்க்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று காரியம். இந்த மழைக்கு முன்பே வீட்டிலிருக்கும் எல்லாச் சாடியையும் ஒருமுறை கவிழ்த்து வேரைப் பாருங்கள். உக்கிய மட்டையையும் தூளையும் கொட்டிவிட்டுக் கரிக்கு மாற்றுங்கள். இந்தத் தீபாவளிக்குப் பிள்ளைகள் செடி வாங்கி வந்தால், பூவை ரசித்தபடியே அதைக் கூரைக்குக் கீழே வைத்து, தை பிறக்கும் வரை சாடி காய்ந்தாலன்றித் தண்ணீர்க் கோப்பையைத் தூர வையுங்கள். இந்த மூன்றையும் செய்கிற வீட்டில் அடுத்த ஆண்டும் அதே செடி பூக்கும்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
ஹாலிஎல